பரண் பெட்டியில் பழைய கணக்கும் கடிதமும்: கட்டைக் கலைக்காமல் படிப்பது எப்படி?

கடலூர் முதுநகர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, பாகூர் பக்கத்துப் பழைய வீடுகளில் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி இருப்பது சாதாரணம். திறந்தால் துணியில் சுற்றிய காகிதக் கட்டு, கயிற்றில் கோத்த ஓலைகள், நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு, முத்திரைத்தாள் பத்திரங்கள், ஜாதகம், கல்யாணச் செலவுக் கணக்கு, மொய் நோட்டு எல்லாம் கலந்து கிடக்கும். வீட்டை இடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோதான் இவை வெளிச்சத்துக்கு வரும். அப்போது பெரும்பாலோர் பத்திரங்களை மட்டும் எடுத்து பீரோவில் வைத்துவிட்டு, மிச்சத்தைச் சில்லறைக் காகிதம் என்று பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. கடலூர்ப் பக்கத்தில் 1860களின் நடுவிலிருந்து பத்திரப் பதிவு நடக்கிறது. பதிவான பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறியிருக்கும். அந்தச் சில்லறைக் காகிதத்துக்கு உலகில் வேறு எங்கும் இன்னொரு படி கிடையாது.

ஆவணக் காப்பகம் என்ற துறையே ஒரு எளிய கருத்தின் மேல் நிற்கிறது. ஒரு குடும்பத்திலிருந்தோ கடையிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வந்த காகிதங்கள் ஒரே தொகுப்பாகவே இருக்க வேண்டும். வேறொருவர் காகிதத்தோடு கலக்கக் கூடாது. உள்ளே எந்த வரிசையில் கட்டப்பட்டிருந்ததோ அதையும் குலைக்கக் கூடாது. இதன் முதல் பாதியை அரசு விதியாக முதலில் எழுதியது பிரான்சு, 1841இல். அதற்கு முன்பு நிலம், கோயில், வரி, போர் என்று பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் பழக்கம் இருந்தது. அப்படிப் பிரித்த இடங்களில் எந்தக் காகிதம் யாருடையது, ஏன் எழுதப்பட்டது என்பது பிறகு யாருக்கும் புரியாமல் போனது.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். பாகூர்க் குடும்பம் ஒன்றின் கட்டில் மூன்று காகிதங்கள் சேர்த்துக் கட்டியிருப்பதாகக் கொள்வோம். முதலாவது, இரண்டு காணி நஞ்சையை ஒத்தி வைத்த சீட்டு. இரண்டாவது, சைகோனிலிருந்து தம்பி எழுதிய கடிதம். மூன்றாவது, குறுக்கே கிழித்த புரோநோட்டு. அதன் பின்புறம் நாலைந்து தவணைகளில் வரவு வைத்த குறிப்பு. தனித்தனியே எடுத்தால் ஒரு நிலச்சீட்டு, ஒரு நலம் விசாரிப்பு, ஒரு கிழிந்த தாள், அவ்வளவுதான். சேர்த்து வைத்துப் பார்த்தால் பிரெஞ்சு இந்தோசீனாவில் வேலை பார்த்தவரின் சம்பளம் ஊரில் ஒத்தி நிலத்தை மீட்டது தெரிகிறது. கிழிசல் சேதமல்ல, கடன் தீர்ந்தால் நோட்டைக் கிழித்துக் கொடுப்பது வழக்கம். கட்டின் நூல்தான் இந்த மூன்றையும் ஒரே வாக்கியமாக்குகிறது. அதை அவிழ்த்து, கடிதங்கள் ஒரு பக்கம், பத்திரங்கள் ஒரு பக்கம் என்று ‘ஒழுங்கு’ செய்த மறுநிமிடம் அந்த வாக்கியம் போய்விடும்.

வீட்டுக் காகிதம் எவ்வளவு பெரிய வரலாறாக முடியும் என்பதற்கு புதுச்சேரியே சாட்சி. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அரசுக் காப்பகத்தில் இருந்ததல்ல. அவர் இறந்து 85 ஆண்டு கழித்து, 1846இல், வழிவந்தவர்களின் வீட்டில் அதைக் கண்டெடுத்தவர் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் கலுவா மோம்பிரேன். அவருக்கு அடுத்து எதுவார் ஆரியேல் எடுப்பித்த நகல் பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. பிள்ளை அடிப்படையில் வியாபாரி. ஆனந்தப்புரவி என்ற கப்பல் அவருக்குச் சொந்தம். அதனால்தான் அந்த நாட்குறிப்பில் கவர்னர் மாளிகைப் பேச்சுக்கு நடுவே துணி விலையும் பாக்கு வியாபாரமும் கடன் பாக்கியும் வருகின்றன. அவருக்குப் பிறகு இரண்டாம் வீராநாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பும் இதே ஊரில் எழுதப்பட்டதுதான்.

கணக்குப் புத்தகங்களின் உறவு

வணிகர் கட்டில் ஒரே ஒரு கணக்கு நோட்டு இருப்பது அரிது. குறைந்தது மூன்று அடுக்கு இருக்கும். அன்றன்று கைக்கு வந்த வேகத்தில் எழுதிய சிட்டை முதல் அடுக்கு. அதிலிருந்து நாள் வரிசையாகத் திருத்தி எழுதிய நாள்வழி இரண்டாவது. நாள்வழியிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றிய பேரேடு மூன்றாவது. பெரிய கடை என்றால் ஆண்டு முடிவில் ஐந்தொகையும் (இருப்புநிலைக் கணக்கு) போட்டிருப்பார்கள். நாள்வழியின் ஓரத்தில் சின்னதாக ஒரு எண் இருந்தால், பெரும்பாலும் அது பேரேட்டில் அந்தத் தொகை ஏறிய பக்கம். புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தொகை என்று எண்ணிக் கூட்டிவிடுவதால் கணக்கு உதைக்கும்.

தொடங்க வேண்டிய இடம் பேரேடு. ஒரு ஆளின் பெயர் தலைப்பில் இருக்கும். ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு. அவர் பெயரில் பற்று என்றால் கடையிலிருந்து அவர் வாங்கியது, அதாவது அவர் தர வேண்டியது. வரவு என்றால் அவர் கொடுத்தது. இந்த இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் கடன்காரர் கடன் கொடுத்தவராகி, மொத்தக் கதையும் தலைகீழாகும். பேரேட்டில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு, தேதியை வைத்து நாள்வழிக்குப் போய், அங்கிருந்து சிட்டைக்குப் போனால், ‘நெல் வாங்க’, ‘மகள் கலியாணத்துக்கு’, ‘கிஸ்து (நிலவரி) கட்ட’ என்று காரணம் கிடைக்கும். காரணம் பேரேட்டில் வராது, சிட்டையில்தான் வரும். ஆகவே கிறுக்கலாக இருக்கிறதே என்று சிட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்.

கணக்கர்கள் சொற்களை எழுதுவதைவிடக் குறிகளைப் போட்டுப் போவார்கள். எட்டுக் குறி தெரிந்தால் பாதி நோட்டு திறந்துகொள்ளும்: நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹, எண் ௺. ஒரு மாதிரி வரி: ‘பிலவ ௵ தை ௴ ௰௨ ௳ ௸யார் ௶ ௹ ௪௰௫’. பிலவ வருடம் தை மாதம் 12ஆம் நாள், மேலே சொன்ன ஆள் பற்று 45 ரூபாய். கையெழுத்தில் இந்தக் குறிகள் அச்சில் இருப்பதுபோல் நிற்காது, வால் நீளும், ஒன்றோடொன்று ஒட்டும். அந்தக் கணக்கரின் முதல் பத்துப் பக்கத்திலிருந்து குறிகளைப் பார்த்து வரைந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது மிகவும் உதவும். ஒரே கணக்கர் இருபது வருடம் எழுதினாலும் குறியை மாற்ற மாட்டார்.

எண்களில் கவனிக்க வேண்டியது பழைய முறை. 235 என்பது ௨௱௩௰௫ என்று, இரண்டு நூறு மூன்று பத்து ஐந்தாக, எழுதப்பட்டிருக்கும். சுழியம் போட்டு இடமதிப்பில் எழுதுவது பிற்காலம். 19ஆம் நூற்றாண்டு நோட்டில் இரண்டும் அடுத்தடுத்த பக்கத்திலேயே வரலாம். முழு எண்ணுக்குப் பின்னால் வரும் பின்னங்களை விட்டுவிட்டால் கூட்டுத்தொகை சரியாக வராது. அரை, கால், முக்கால் எல்லாருக்கும் தெரியும். அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி அல்லது வீசம் 16இல் ஒன்று, மா 20இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. காணி என்பது பின்னமாகவும் வரும், நில அளவாகவும் வரும்; எது என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வட்டி என்றால் மாத வட்டி. ‘நூற்றுக்கு முக்கால் வட்டி’ என்றிருந்தால் மாதம் 100 ரூபாய்க்கு முக்கால் ரூபாய், ஆண்டுக்கு 9 சதவீதம். ஆண்டு வட்டி என்று எண்ணிக்கொண்டு அந்த வியாபாரியைத் தர்மவான் என்று எழுதிவிட வேண்டாம். உண்டியலும், அதாவது இன்னாருக்குப் பணம் கொடுக்கவும் என்று வணிகர் எழுதும் சீட்டும், கட்டில் வரும். கண்டவுடன் பணம் கொடுக்க வேண்டியது தரிசன உண்டி. குறித்த நாள் கழித்துக் கொடுப்பது தவணை உண்டி. பின்புறக் கையெழுத்துகளை வரிசையாகப் படித்தால் அந்த உண்டி எந்தெந்தக் கை மாறியது என்பது தெரியும். அதனால் உண்டியின் பின்பக்கத்தைப் படமெடுக்காமல் விட்டால் பாதி ஆவணத்தை விட்டதாக அர்த்தம்.

எல்லாக் கணக்கும் தமிழ் எழுத்தில் இருக்காது. கோமுட்டிச் செட்டியார் வீட்டுக் கணக்கு தெலுங்கில் இருக்கலாம். பரங்கிப்பேட்டை மரைக்காயர் குடும்பங்களில் அரபு எழுத்தில் எழுதிய தமிழ் கிடைக்கலாம். புதுக்கணக்குப் போடும் நாளும் வேறுபடும்: ஒரு வீட்டில் சித்திரை, இன்னொரு வீட்டில் யுகாதி, வடக்கிலிருந்து வந்த கடைக்காரருக்குத் தீபாவளி. ஆண்டு எங்கே தொடங்குகிறது என்று முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளாமல் வருட லாபத்தைக் கூட்டக் கூடாது.

தேதியை நிலைநிறுத்துவது

தொடக்கக்காரர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். பழைய கணக்கில் பெரும்பாலும் 60 ஆண்டுச் சுற்றின் பெயர் மட்டுமே இருக்கும். சுற்றின் முதலாண்டான பிரபவ 1747, 1807, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. மேலே சொன்ன பிலவ 35ஆவது ஆண்டு. ஆகவே அது 1841 ஆகலாம், 1901 ஆகலாம், 1961 ஆகலாம். அடுத்து மாதத்தைப் பாருங்கள். தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி ஆங்கில ஆண்டின் அடுத்த எண்ணுக்குள் போய்விடும். மார்கழி நடுவோடு எண் மாறும். எனவே பிலவ வருடம் தை 12 என்பது 1901 அல்ல, 1902 ஜனவரி 24, 25 வாக்கில். அல்லது ஒரு சுற்று முந்தி, 1842 ஜனவரி.

எந்தச் சுற்று என்பதை முடிவு செய்ய இரண்டாவது சாட்சி வேண்டும். எளிதான சாட்சி பசலி, அதாவது ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு ஆண்டு. கடலூர்ப் பக்கத்துக் கிஸ்து ரசீது, அடங்கல், தண்டல் கணக்கு எல்லாவற்றிலும் பசலி இருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை பசலியோடு 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். அதே கட்டில் பசலி 1311 ரசீது இருந்தால் 1901–02. பிலவ என்பது 1901இல் தொடங்கியதுதான் என்று உறுதியாகிறது. பசலி 1251 என்றிருந்தால் 1841–42. சாலிவாகன சகாப்தம் போட்டிருந்தால் 78ஐக் கூட்டுங்கள். கலியுகாதி என்றால் 3101ஐக் கழியுங்கள். தை முதல் பங்குனி வரையுள்ள தேதிக்கு இரண்டிலும் விடையோடு இன்னும் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

பசலி இல்லாவிட்டால் முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது, எந்த நாணயத்தில் கணக்கு ஓடுகிறது என்று பார்க்கலாம். ஆனால் பழைய முத்திரைத்தாள் கைவசம் இருந்து பின்னால் எழுதப்படுவதுண்டு. ஆகவே முத்திரை ‘இதற்கு முன்னால் இல்லை’ என்றுதான் சொல்லும். ‘இதே ஆண்டு’ என்று சொல்லாது. கட்டின் வரிசை இங்கேயும் கைகொடுக்கிறது. தேதி தெரியாத சீட்டு, தேதி தெரிந்த இரண்டு சீட்டுக்கு நடுவே கட்டப்பட்டிருந்தால் அதுவே ஒரு சான்று.

எழுத்தைப் பொறுத்தவரை: பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. குறில் நெடில் எகர ஒகரங்களுக்கு வேறுபாடு காட்டாமல் எழுதுவார்கள். ‘பெர்’ என்றிருந்தால் பேர், ‘கொவில்’ என்றிருந்தால் கோவில். ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். ணா, றா, னா, ணை, லை போன்றவை 1978இல் தமிழக அரசு சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவருவதற்கு முந்திய வடிவில் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். படியெடுக்கும்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், திருத்தத்தைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதிய படியை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.

எல்லைக்கு இரு புறமும்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் காகிதத்தில் அது இரண்டு நாடு. 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரையுள்ள ஊர்களும் அதில் சேர்ந்தன. கடலூரின் குண்டு சாலை என்ற பெயர் அந்த நினைவுதான். அந்தப் புனித டேவிட் கோட்டை 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவும் இருந்தது. 1801இல் ஆற்காட்டு நவாபின் சீமை முழுவதும் கம்பெனி கைக்கு வந்தபின் தென்னாற்காடு கலெக்டர் ஆவணங்கள் தொடங்குகின்றன. புதுச்சேரியோ 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962இல். பாகூர், வில்லியனூர்க் குடும்பங்களுக்கு இரு புறமும் நிலம் இருந்ததால் ஒரே கட்டில் ஆங்கில முத்திரைத்தாளும் பிரெஞ்சு நோட்டரி பத்திரமும் கிடைக்கும்.

இங்கே அளவுகள் குழப்பும். பணம் என்ற சிறு நாணயம் சென்னை மாகாணக் கணக்கில் நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம் ஒன்றுக்கு 42. வராகன் மூன்றரை ரூபாய் என்று கொண்டால் ரூபாய்க்கு 12 பணம். 19ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ரூபாய்க்கு 8 பணம். கட்டில் ‘24 பணம்’ என்று பார்த்தால், எழுதிய ஊரைத் தெரிந்துகொள்ளாமல் 2 ரூபாயா 3 ரூபாயா என்று சொல்ல முடியாது. நிலத்திலும் அப்படியே. புதுச்சேரியில் ஒரு குழி 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி, அதாவது சுமார் 1.32 ஏக்கர். தஞ்சைப் பக்கம் குழி என்றால் 144 சதுர அடி. நிறுத்தலில் 40 பலம் ஒரு விசை, 8 விசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். சென்னை மணங்கு 25 பவுண்டு, சுமார் 11.3 கிலோ. மாற்றிய எண்ணை மட்டும் எழுதாமல் மூல அளவையும் எப்போதும் சேர்த்து எழுதி வையுங்கள்.

பெயர்களும் எல்லை தாண்டும்போது உருமாறும். முருகேசன் என்ற பெயரின் உகரத்தை ஆங்கிலேயர் ஒரே எழுத்தால் (u) எழுதினால் பிரெஞ்சுக்காரர் இரண்டெழுத்து (ou) சேர்த்து எழுதுவார்கள். அகர வரிசைப் பட்டியலில் ஆள் வேறு இடத்துக்குப் போய்விடுவார். 1881 ஆணைப்படி தங்கள் தனிச்சட்டத்தை (மத, சாதி வழக்கப்படியான குடும்பச் சட்டத்தை) துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு அப்பாவின் பெயரை வைத்து மகனைத் தேடினால் கிடைக்காது. தனிச்சட்டத்தைத் துறந்த பத்திரத்தைத் தேட வேண்டும், அதில் பழைய பெயரும் புதிய பெயரும் சேர்ந்து இருக்கும்.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1778இலும் 1793இலும் மறுபடி பிடித்தார்கள். இத்தனைக்கும் பிறகு பழைய பதிவேடுகள் மிஞ்சியிருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. குடியேற்ற நாடுகளின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளுக்கும் நோட்டரி, நீதிமன்ற ஆவணங்களுக்கும் இன்னொரு படி எழுதி பிரான்சுக்கு அனுப்ப வேண்டும் என்று 1776 ஜூனில் அரசாணை வந்தது. அப்படிப் போன படிகள் இன்று எக்ஸ்-அன்-ப்ரொவான்சில் உள்ள கடல்கடந்த நாடுகளின் தேசியக் காப்பகத்தில் உள்ளன. புதுச்சேரியின் எத்தா சிவீல் (பிறப்பு, திருமணம், இறப்பு) பதிவேடுகள் பலவற்றை அந்தக் காப்பகத்தின் இணையதளத்திலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

இங்கே தேட வேண்டிய இடங்கள்: கடலூர் தொடர்பானதற்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. புனித டேவிட் கோட்டை ஆலோசனைக் குறிப்புகளும் கடிதங்களும் அங்கிருந்து அச்சாகியும் வந்துள்ளன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்துக்கு இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பதிவு மையம். 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஓலைச்சுவடிகளுக்குப் பெயர் பெற்றது. பிரிட்டிஷ் நூலகத் திட்டத்தின்கீழ் ஊர்ப் பஞ்சாயத்து, வேளாண்மை தொடர்பான தனியார் காகிதங்களையும் வீடு வீடாகத் தேடி மின்படியாக்கியிருக்கிறது. மூலத்தை உரிய வீட்டிலேயே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுப்பது நல்ல முறை.

1980இல் தமிழகத்தில் கர்ணம் பதவி ஒழிந்தபோது பல ஊர்க் கணக்குகள் அந்தந்தக் கணக்கப்பிள்ளை வீட்டிலேயே தங்கிவிட்டன. உங்கள் ஊர்க் கணக்குப் பரம்பரை வீட்டுப் பெட்டியில் இருப்பது ஒரு குடும்பத்தின் காகிதம் மட்டுமல்ல, ஊரின் நிலக் கணக்காகவும் இருக்கலாம்.

பெட்டியைத் திறந்த நாளில்

முதலில் எதையும் எடுக்காமல் படம் எடுங்கள்: பெட்டி, அதில் கட்டுகள் கிடக்கும் நிலை, ஒவ்வொரு கட்டின் வெளிப்புறம், முடிச்சு, மேலே எழுதிய குறிப்பு. பிறகு கட்டுக்கு ஒரு எண், கட்டுக்குள் காகிதத்துக்கு ஒரு எண். ‘3/17’ என்றால் மூன்றாம் கட்டின் பதினேழாவது காகிதம். எண்ணை 2பி பென்சிலால், பின்புற மூலையில், மெதுவாக எழுதுங்கள். பேனா, ஸ்டிக்கர் இரண்டும் வேண்டாம். ஒரு நோட்டில் எண், தேதி உள்ளபடி, மாற்றிய தேதி, யார் யாருக்கு, என்ன வகை, அளவு, நிலை என்று வரி வரியாகப் பதியுங்கள். ‘வெறும் தாள்’ என்றாலும் எண் போடுங்கள்.

கைப்பேசியே போதும், ஆனால் பிளாஷ் வேண்டாம். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், காகிதத்துக்கு நேர் மேலே கைப்பேசியை நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஸ்கேலும் எண் எழுதிய துண்டும் வைத்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுங்கள். ஸ்கேனர் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல், வண்ணத்தில்; கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பு மைக் குறிப்பும் கறையும் ஒன்றாகிவிடும். கோப்பின் பெயரும் அதே எண்ணாக இருக்கட்டும். மடிந்து மடிந்து இறுகிய தாளை வலுக்கட்டாயமாகப் பிரித்தால் மடிப்பிலேயே ஒடியும். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாள் அமிலத்தால் நொறுங்கும் தன்மையது. அதைவிடப் பழைய கந்தல் துணித் தாள்தான் பெரும்பாலும் திடமாக இருக்கும். மை எழுதிய இடமே அரித்து ஓட்டையாகியிருந்தால் அது இரும்பு கலந்த மையின் வேலை, பூச்சியல்ல. ஈரம் பட்டால் அது இன்னும் வேகமாக அரிக்கும்.

துருப்பிடித்த குண்டூசி, கிளிப்பை மெதுவாக எடுத்துவிடலாம், ஆனால் எவை சேர்ந்திருந்தன என்று குறித்துவிட்டு எடுங்கள். ரப்பர் பேண்டுக்குப் பதில் பருத்தி நாடா. செலோடேப் ஒருபோதும் வேண்டாம். சில ஆண்டில் அதன் பசை தாளுக்குள் ஊறிப் பழுப்பாகும், பிறகு எடுக்கவே முடியாது. லேமினேஷன் அதைவிட மோசம். ஓலைச்சுவடிக்குத் தடவும் எலுமிச்சைப்புல் எண்ணெயைக் காகிதத்தில் தொடக்கூடாது. வெறும் கை போதும், கழுவித் துடைத்திருந்தால். பூஞ்சணம் இருந்தால் மட்டும் முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

இந்தக் கரையில் எதிரி ஈரம்தான். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வேர்விடும். காப்பகங்கள் 45 முதல் 55 வரை வைத்திருக்க முயல்வது அதனால்தான். வீட்டில் அது நடக்காது. ஆனால் பெட்டியைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி, மாடி ஒழுகாத இடத்தில், மாதம் ஒருமுறை திறந்து பார்க்கும்படி வைக்க முடியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது பாதுகாப்புப் போலத் தோன்றும்; உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் புழுங்கிவிடும்.

2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 பெஞ்சல் புயல் எல்லாம் இங்கேதான் வந்து போயின. காகிதம் நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கையில் இருக்கிறது. வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு மை வெளுக்கும். ஒட்டிய தாள்களைப் பிரிக்காதீர்கள். நிழலில் மின்விசிறி ஓட்டி, இடையிடையே அச்சில்லாத உறிஞ்சு தாள் வைத்து, சில மணிக்கொருமுறை மாற்றுங்கள். அளவு அதிகம், கைக்கு அடங்காது என்றால் கட்டுக் கட்டாகப் பாலித்தீன் பையில் போட்டு பிரீசரில் வைத்துவிடுங்கள். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். துளையிடும் பூச்சி, வெள்ளிப்பூச்சி அரித்த காய்ந்த காகிதத்துக்கும் இதே பிரீசர் மருந்து: பையை இறுக மூடி, வீட்டு பிரீசரில் இரண்டு வாரம். எடுத்தபின் ஒரு நாள் முழுவதும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் முத்துக்கட்டும்.

காப்பகத்திடம் ஒப்படைப்பதானால்

முதலில், நிலமோ வீடோ இன்னும் குடும்பத்தில் இருந்தால் அதன் மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். படம் மட்டும் கொடுங்கள். மற்றவற்றுக்கு மூன்று வழி உண்டு: நிரந்தரமாகத் தானம் செய்வது, உரிமையை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்கு ஒப்படைப்பது, மின்படி எடுக்க மட்டும் அனுமதிப்பது. எந்த வழியானாலும் எழுத்தில் வாங்குங்கள். அதில் குடும்பத் தொகுப்பு ஒன்றாகவே வைக்கப்படும் என்ற வரி, கொடுத்த கட்டுகளின் பட்டியல், யார் பார்க்கலாம், இணையத்தில் போடலாமா, உங்களுக்கு மின்படி எப்போது வரும் என்பவை இருக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் கடன், தத்து, விவாகரத்து, நோய் பற்றிய காகிதங்களை இத்தனை ஆண்டு மூடி வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம்.

பண்ணையாள் சீட்டு, அடிமைச் சீட்டு, சாதிப்பேர் சொல்லி இழிவாக எழுதிய கணக்கு ஆகியவையும் பெட்டியில் வரலாம். குடும்பத்துக்குக் கூச்சமாக இருக்கிறது என்று அவற்றை மட்டும் உருவி எறிவது நடக்கிறது. அந்தச் சீட்டில் பெயர் உள்ளவருக்கு வேறு காகிதமே இருந்திருக்காது. அவர் வாழ்ந்ததற்கு எழுத்தில் இருக்கும் ஒரே தடயம் உங்கள் பெட்டியில் இருக்கலாம். மூடி வைக்கச் சொல்லிக் கொடுங்கள், எறியாதீர்கள்.

வாங்க வரும் வியாபாரியிடமும் எச்சரிக்கை தேவை. 75 ஆண்டுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருபவை. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்ளூரிலேயே விற்றாலும் வியாபாரி செய்யும் முதல் வேலை, முத்திரைத்தாளையும் அழகான கையெழுத்தையும் தனித்தனியே உருவி, சேகரிப்பாளர்களுக்கு ஒவ்வொன்றாக விற்பது. பட்டியலும் படமும் முடிவதற்கு முன் ஒரு கட்டுகூட வீட்டு வாசல் தாண்ட வேண்டாம்.